களிமண்ணும் விதைப்புக் கருவியும்: சிதம்பரம் வட்டார நன்செய்யில் விதைப்பு முறைத் தேர்வின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகள் காவிரிப் பாசனத்தின் கடைமடையில் அமைந்தவை. கனத்த களிமண்ணும் காலம் தவறி வரும் நீரும் இப்பகுதி நன்செய்யின் இரு அடிப்படைக் கூறுகள். தென்னிந்தியப் புன்செய் நிலங்களில் வரிசை விதைப்புக் கருவி நெடுங்காலமாக வழக்கில் இருந்தபோதும், இந்நன்செய்யில் அது வேர்கொள்ளவில்லை. அதற்கான காரணத்தை மண், நீர், களை, உழைப்பு ஆகிய நான்கின் உறவில் தேடுகிறது இக்கட்டுரை. உருளை விதைப்பான், டிராக்டர் விதைப்பான் ஆகியவை அண்மைக்காலத்தில் இங்கு எதிர்கொள்ளும் சிக்கல்களையும் அவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே காண்கிறது. விதைப்புக் கருவியை ஏற்பதும் மறுப்பதும் உழவரின் அறிவுக்கு அளவுகோல் அல்ல, அவர்களுக்குக் கிடைக்கும் விதைப்புக் காலத்தின் அளவுகோலே என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: களிமண், நேரடி விதைப்பு, கொர்ரு, உருளை விதைப்பான், கடைமடை, வீராணம், சம்பா, நெல் தரிசு உளுந்து

1. முன்னுரை

வேளாண் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஒரு கருவி எங்கு, யாரால், எப்போது உருவாக்கப்பட்டது என்பது பதிவாகிறது. அது ஒரு நிலத்தில் ஏற்கப்பட்டு, அடுத்த நிலத்தில் ஏன் மறுக்கப்பட்டது என்பது பதிவாவதில்லை. மறுப்பு பதிவாகும் இடங்களிலும் உழவரின் அறியாமை, பழமைப் பிடிப்பு, வறுமை ஆகிய சொற்களால் அது விளக்கப்பட்டுவிடுகிறது. இவ்விளக்கம் போதுமானதா என்பதைச் சோதிக்கக் கடலூர் மாவட்டத்தின் தென்பகுதி பொருத்தமான களமாகும்.

1993இல் கடலூர் மாவட்டம் தனியே அமைவதற்கு முன்பு இப்பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. திருக்கோவலூர், கள்ளக்குறிச்சி, விருத்தாசலம் போன்ற புன்செய் மிகுந்த வட்டங்களும் சிதம்பரம் போன்ற ஆற்றுப்பாசன வட்டமும் அம்மாவட்டத்தில் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. நிர்வாக எல்லை ஒன்றாயினும் மண் இருவேறு உலகங்களைச் சேர்ந்தது. மாவட்டம் என்னும் அலகை மட்டும் கொண்டு கருவிகளின் பரவலை ஆராய்ந்தால் இவ்வேறுபாடு மறைந்துபோகும். ஆகவே இக்கட்டுரை மண்ணை முதன்மை அலகாகக் கொள்கிறது.

2. மண்ணும் நீரும்

சிதம்பரம் பகுதியின் நன்செய் மண்ணில் பெரும்பகுதி, மண்ணியலார் வெர்டிசால் என வகுக்கும் கனத்த களியாகும். நூற்றுக்கு முப்பது பங்குக்குக் குறையாத களித்துகள் கொண்ட இம்மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இக்களி வெளியின் நடுவிலேயே அமைந்துள்ளது.

விதைப்பைப் பொறுத்தவரை இம்மண்ணுக்கு மூன்று நிலைகள் உண்டு. முற்றக் காய்ந்த நிலையில் உழுதால் பெருங்கட்டிகள் எழும். விதை அவற்றின் இடுக்குகளில் ஆழ விழுந்து முளைக்காமற்போகும். நன்கு நனைந்த நிலையில் கொழுவிலும் சக்கரத்திலும் மண் அப்பிக்கொள்ளும். கொழு திறக்கும் சாலின் பக்கங்கள் மெழுகியதுபோல் இறுகும். திறந்த சால் மூடாது. காற்றுப் புகாத பள்ளத்தில் விதை அழுகும். இவ்விரண்டுக்கும் இடையே மண் பொலபொலவென்று உதிரும் பதம் ஒன்றுண்டு. மணற்பாங்கான நிலத்தில் இப்பதம் நீண்டு நிற்கும். களியில் அது சில நாள்களில் கடந்துவிடும். விதைப்புக் கருவி குறித்த எல்லாத் தேர்வுகளும் இச்சில நாள்களுக்குள் அடங்கியவை.

அந்நாள்கள் எப்போது வாய்க்கும் என்பதை நீர் தீர்மானிக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரி, கொள்ளிடத்திலிருந்து வடவாற்றின் வழியே நீர் பெறுகிறது. 1836இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி அணைக்கரையில் கட்டப்பட்ட கீழணை, வடவாறு, வடக்கு ராஜன், தெற்கு ராஜன் ஆகிய வாய்க்கால்களுக்கு நீரைத் திருப்புகிறது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் இவ்வமைப்பு முழுவதும் மேட்டூர்த் திறப்போடு பிணைக்கப்பட்டது. வழக்கமான திறப்பு நாளாக சூன் 12 கொள்ளப்பட்டாலும், கல்லணையைக் கடந்து கீழணைக்கு வந்து கடைமடை வயலை எட்ட நீருக்கு நாள்கள் பல ஆகும். 2012ஆம் ஆண்டு போல அணை செப்டம்பர் 17இல் திறக்கப்படும் ஆண்டுகளில் கடைமடைக்கு நீர் வருவதும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்கின்றன. அதாவது, மண் வறண்ட நிலையிலிருந்து இடையிலுள்ள பதத்தில் நில்லாமல் நேரே சேற்று நிலைக்குச் சென்றுவிடுகிறது.

3. புழுதி, சேறு, நாற்று: மூவகை விதைப்பு

தமிழக நன்செய் உழவில் புழுதி விதைப்பு, சேற்று விதைப்பு, நாற்று நடவு என மூன்று முறைகள் வழங்கிவந்துள்ளன. கோடை மழையில் உழுது, காயவிட்டு, மறுபடி உழுது புழுதியாக்கிய நிலத்தில் உலர்ந்த விதையை வீசி விதைப்பது முதல் முறை. தொளியடித்துப் பரம்பிட்டுச் சமப்படுத்திய சேற்றில் முளைகட்டிய விதையைத் தூவுவது இரண்டாவது. நாற்றங்காலில் வளர்த்த நாற்றைப் பறித்து நடுவது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்த படிநிலைகள் அல்ல. ஒரே ஊரில், ஒரே உழவரின் வெவ்வேறு வயல்களில், ஆண்டின் நீர்வரத்தை ஒட்டி இவை மாறிமாறிக் கையாளப்படுவன.

உழுத மண்ணைக் காயவிடுவதன் பயன் பழந்தமிழ் மரபில் தெளிவாக அறியப்பட்டிருந்தது. ஒரு பலம் புழுதி கால் பலமாகும் அளவுக்கு உலரவிட்டால் பிடி எருவும் வேண்டாமல் பயிர் செழிக்கும் என்னும் கருத்தைத் திருக்குறளின் உழவு அதிகாரம் கூறுகிறது. களிமண்ணில் இக்கருத்துக்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. நனைந்தும் காய்ந்தும் மாறும்போது களிக்கட்டி தானே உடைகிறது. இரும்பால் உடைக்க முடியாததைக் காலம் உடைக்கிறது. ஆனால் அதற்குக் காலம் வேண்டும். காலம் கிடைக்காத ஆண்டில் சேறும் நாற்றும் மட்டுமே எஞ்சும்.

இக்காலநெருக்கடி இப்பகுதியின் பண்பாட்டு நினைவிலும் பதிந்துள்ளது. சேக்கிழார் பாடிய திருநாளைப்போவாரின் ஊரான ஆதனூர் கொள்ளிடக் கரையைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரத்தில், தில்லைக்குச் செல்ல விடைகேட்கும் பண்ணையாளிடம் நாற்பது வேலி நிலத்தின் சாகுபடியை முடித்துவிட்டுப் போகுமாறு வேதியர் பணிக்கிறார். ஒரு வேலியை ஏறத்தாழ 6.6 ஏக்கராகக் கொண்டால் அது 260 ஏக்கரைத் தாண்டும் பரப்பு. ஓரிரவில் அவ்வேலை தெய்வ அருளால் முடிந்தது என்பது கதை. இக்காட்சி பெரியபுராணத்தில் இல்லை, பாரதியாரின் படைப்பு. எனினும் பருவத்துக்குள் முடித்தாக வேண்டிய நன்செய் வேலையின் பெருஞ்சுமை யார் தோளில் இருந்தது என்பதற்கு இது இலக்கியச் சான்றாகிறது. கருவியின் வரலாற்றை உழைப்பின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது என்பதையும் இது உணர்த்துகிறது.

4. கொர்ரு: புன்செய்க் கருவியும் அதன் எல்லையும்

வரிசையில் விதைக்கும் கருவி தென்னிந்தியாவுக்குப் புதிதன்று. தெலுங்கில் கொர்ரு என்றும் கன்னடத்தில் கூரிகெ என்றும் வழங்கும் இக்கருவி, குறுக்குக் கட்டையில் பொருத்திய பல கொழுக்களையும், ஒவ்வொரு கொழுவுக்கும் விதையைக் கொண்டுசெல்லும் மூங்கிற்குழாய்களையும், அக்குழாய்கள் மேலே ஒன்றுகூடும் மரக்கிண்ணத்தையும் கொண்டது. மாடுகள் இழுக்க, பின்னே வருபவர் கிண்ணத்தில் சீராக விதையிடுவார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேப்டன் தாமஸ் ஹால்காட் என்னும் ஆங்கிலேய அலுவலர் இக்கருவியைக் கண்டு வியந்து எழுதினார். விதைப்புக் கருவி ஐரோப்பாவின் புதுக் கண்டுபிடிப்பு என்று அதுவரை தாம் கருதியிருந்ததாகவும் அதில் அவர் ஒப்புக்கொள்கிறார். தரம்பால் 1971இல் தொகுத்து வெளியிட்ட 18ஆம் நூற்றாண்டு இந்திய அறிவியல் பற்றிய ஆவணங்களில் இக்குறிப்பும் இடம்பெற்றது.

இத்தகைய கருவி அருகிலேயே வழக்கில் இருந்தும் டெல்டாக் களி அதை ஏன் ஏற்கவில்லை? முதற்காரணம் கருவியின் அமைப்பிலேயே உள்ளது. மூங்கிற்குழாயின் வாய் சேற்றில் அடைபடும். குழாய் அடைபட்டதை மேலே விதையிடுபவர் உடனே அறிய இயலாது. வரிசை வரிசையாக நிலம் வெறுமையாகும். கையால் வீசும் விதைப்பில் அடைபடுவதற்கு எதுவுமில்லை.

இரண்டாவது காரணம் ஆழமானது. வரிசை விதைப்பின் முதன்மைப் பயன் விதையைச் சிக்கனமாக இடுவது அன்று. வரிசைகளுக்கு இடையே கருவியை ஓட்டிக் களையெடுப்பதே ஆகும். இங்கிலாந்தில் 1701ஆம் ஆண்டளவில் விதைப்புக் கருவியை உருவாக்கிய ஜெத்ரோ டல், 1731இல் வெளியிட்ட நூலுக்குக் குதிரையால் கொத்தும் உழவு எனத் தலைப்பிட்டதே இதைக் காட்டும். புன்செய்யில் மாடு பூட்டிய குண்டகை செய்யும் வேலையும் இதுவே. நன்செய்யிலோ களையை அடக்குவது நீர். நாற்று நட்டு நீர் நிறுத்திய வயலில் பெரும்பாலான களை விதைகள் முளைப்பதில்லை. முளைப்பவற்றைவிட நாற்று வயதில் மூத்தது. ஆகவே கொர்ரு தரக்கூடிய தலையாய நன்மையை நன்செய் உழவர் வேறு வழியில் முன்பே பெற்றிருந்தனர். கருவியை அவர்கள் அறியாதிருக்கவில்லை. அதற்கு அங்கே வேலை இல்லை.

19ஆம் நூற்றாண்டின் அரசு முயற்சிகள் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. 1865இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்ட அரசுப் பண்ணை, மேலைநாட்டுக் கலப்பைகளையும் கருவிகளையும் சோதித்துப் பரப்ப முனைந்தது. ஒரு பண்ணையின் மண்ணில் தேறிய கருவி மாகாணம் முழுமைக்கும் உரியது என்பதே இத்தகைய முயற்சிகளின் உள்ளுறை எண்ணம். 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், இந்திய உழவர் ஆங்கிலேய உழவருக்குக் குறைந்தவர் அல்லர் என்றும், நிலவும் சூழலில் கருவிகளை மாற்றுவதற்கான வாய்ப்பு பலர் எண்ணுவதைவிடக் குறைவு என்றும் மதிப்பிட்டார். களிமண் நன்செய்யைப் பொறுத்தவரை அம்மதிப்பீடு இன்றும் எண்ணத்தக்கது.

5. நடவின் உச்சமும் நெருக்கடியும்

1922இல் நிறுவப்பட்ட ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் இரகங்களும், 1960களுக்குப் பின் பரவிய குட்டை நெல் இரகங்களும் நாற்று நடவை டெல்டாவின் பொதுமுறையாக நிலைநிறுத்தின. உர அளவு, பயிர் இடைவெளி, களை மேலாண்மை ஆகிய பரிந்துரைகள் அனைத்தும் நட்ட வயலை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டன. நேரடி விதைப்பு, நீர் கிடைக்காதவர் செய்யும் இரண்டாந்தர முறையாகக் கருதப்படலாயிற்று.

நடவு இரண்டு உறுதிகளை வேண்டுவது. நாற்றங்கால் விடும் காலத்தில் நீர் வேண்டும். நடும் நாளில் போதிய ஆள்கள் வேண்டும். காவிரி நீர்ப்பங்கீட்டுச் சிக்கல் முற்றிய பின்னர் முதல் உறுதி தளர்ந்தது. இளைஞர்கள் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்ததாலும், குறுகிய நாள்களில் எல்லா வயல்களும் ஒருங்கே ஆள் கேட்பதாலும் இரண்டாவது உறுதியும் தளர்ந்தது. சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் ஆவணி, புரட்டாசியில் சம்பாவை நேரடியாக விதைக்கும் வழக்கம் வலுப்பெற்றது இச்சூழலில்தான். பழைய புழுதி விதைப்பு மீண்டு வந்தது. ஆனால் இம்முறை களையும் உடன் வந்தது. நீர் நிறுத்தப்படாத வயலில் நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கின்றன. கொர்ருவுக்கு முன்பு இல்லாதிருந்த வேலை இப்போது நன்செய்யிலும் தோன்றியது. வரிசை விதைப்புக் கருவி பற்றிய பேச்சு டெல்டாவில் இக்காலத்தில் எழுந்ததன் காரணம் இதுவே.

6. சேற்றுக்கு ஒரு கருவி: உருளை விதைப்பான்

பிலிப்பைன்ஸில் 1960இல் அமைக்கப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வடிவமைப்புகளிலிருந்து வளர்ந்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மாற்றங்களோடு இங்குப் பரவியது உருளை விதைப்பான். துளையிட்ட உருளைகள் ஓர் அச்சில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். இரு பக்கச் சக்கரங்கள் சுழலும்போது உருளைகளும் சுழன்று, முளைகட்டிய விதையைத் துளைகள் வழியே சேற்றின் மேற்பரப்பில் உதிர்க்கும். பரவலாகப் பயன்படும் வகை, 20 செ.மீ. இடைவெளியில் எட்டு வரிசைகளை ஒரே ஓட்டத்தில் இடும். ஒருவர் கையால் இழுத்துச் செல்லலாம்.

களிமண் நோக்கில் இக்கருவியின் சிறப்பு, அது சாலே திறப்பதில்லை என்பதாகும். கொழு இல்லை, ஆகவே மண் அப்புவதும் சால் மெழுகுவதும் இல்லை. கொர்ரு தோற்ற இடத்தை அது சுற்றிக் கடந்துவிடுகிறது. வரிசை அமைவதால் உருளும் களைக்கருவியையும் இடையில் ஓட்டலாம். நேரடிச் சேற்று விதைப்புக்குப் பரிந்துரைக்கப்படும் விதையளவு எக்டருக்கு 60 கிலோ.

எனினும் களி தன் நிபந்தனைகளைத் தளர்த்துவதில்லை. தொளியடித்தவுடன் விதைத்தால் கூழ்போன்ற சேற்றில் விதை அமிழ்ந்து மூச்சுத்திணறும். சேறு அதிகம் படிந்து இறுகியபின் விதைத்தால் விதை மேலே கிடந்து பறவைகளுக்கு இரையாகும். கனத்த களியில் மிக நுண்ணிய துகள்கள் படியக் கூடுதல் நேரம் வேண்டும். அந்நேரத்தை உழவர் வயலில் இறங்கிக் காலால்தான் அறிகிறார். நிலம் சமமின்றி இருப்பின் தாழ்ந்த பகுதிகளில் நீர் தேங்கி முளை அழுகும். விதைத்த இரண்டொரு நாளில் கனமழை பெய்தால் விதை அடித்துச் செல்லப்பட்டு வரிசையே அழியும். வடிகால் வசதியுள்ள தலைமடையில் இவை சமாளிக்கத்தக்கவை. பிறருடைய வடிகால் நீரும் வந்து சேரும் கடைமடையில் இவை கருவியின் குறையல்ல, ஊரின் புவியியல். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் கண்ட பெருவெள்ளம் அப்புவியியலின் உச்ச வெளிப்பாடு.

7. டிராக்டர் விதைப்பானும் களியின் குறுகிய பதமும்

புழுதி விதைப்புக்கு உரிய டிராக்டர் விதைப்பான், தத்துவத்தில் கொர்ருவின் வழித்தோன்றலே. கிண்ணத்தில் விதையிடும் கைக்குப் பதிலாகப் பல்சக்கரமும், மூங்கிலுக்குப் பதிலாக நெகிழிக்குழாயும் அமைந்துள்ளன. ஆனால் மண்ணைத் தொடும் இடம் இன்றும் கொழுவே. ஆகவே கொர்ருவைத் தடுத்த களி இதையும் தடுக்கிறது.

கொழுவின் வடிவம் இங்கு முதன்மை பெறுகிறது. வட்டத்தகடு வைக்கோலை அறுத்துச் செல்லும். ஆனால் ஈரக்களியில் தகட்டின் இருபுறமும் மண் திரண்டு சுழற்சி நின்றுவிடும். குறுகிய கூர்க்கொழுவில் மண் அப்புவது ஒப்பளவில் குறைவு. ஆனால் வைக்கோலை இழுத்துச் சேர்க்கும். 1990களில் பந்த்நகரில் உருவாகி வட இந்தியக் கோதுமை நிலங்களில் பரவிய உழவில்லா விதைப்பானில் தலைகீழ் ‘T’ வடிவக் கொழு பொருத்தப்பட்டது. மேலே குறுகியும் அடியில் அகன்றும் சால் திறப்பதால் ஈரம் காக்கப்படுகிறது. கங்கைச் சமவெளியின் வண்டலில் வென்ற அதே கொழு, ஈரம் மிகுந்த வெர்டிசாலில் பக்கச்சுவரை இறுக்கிவிடக்கூடும். இடத்துக்கு இடம் மண் வேறுபடுவதால், ஓரிடத்தின் வெற்றியை மற்றோர் இடத்தின் பரிந்துரையாக்க இயலாது. சைதாப்பேட்டைக் காலத்துப் பாடம் இங்கும் பொருந்துகிறது.

கொழுவைவிடவும் தீர்மானகரமானது எடை. சக்கரத்தில் அப்பும் அளவு ஈரமுள்ள களியில் டிராக்டரை இறக்கினால் அது இறுக்கும் மண் அப்பருவம் முழுதும் இறுகியே இருக்கும். ஆகவே இப்பகுதியில் டிராக்டர் விதைப்பான் பயன்படுவது, நீர் வருமுன் மண் பதப்பட்டிருக்கும் நாள்களில் மட்டுமே. சொந்த டிராக்டர் உள்ளவர் அந்நாள்களைப் பிடித்துக்கொள்வார். வாடகைக்கு எடுப்பவர் முறை வரும்வரை காத்திருப்பார். முறை வரும்போது மழை வந்திருக்கும். அவர் கைவிதைப்புக்குத் திரும்புவதைப் பழமைப் பிடிப்பு என்று கூற இயலுமா?

8. நெல் தரிசு உளுந்து: கருவியற்ற விதைப்பின் நுட்பம்

ஈரக்களியில் விதைப்பது பற்றிய மரபறிவு மிகத் தெளிவாக வெளிப்படுவது நெல்லில் அன்று, நெல்லைத் தொடரும் உளுந்திலும் பயறிலும் ஆகும். சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்னர், நிற்கும் நெற்பயிரின் ஊடே, மெழுகு பதத்தில் உள்ள சேற்றின்மேல் விதையை வீசிவிடுவது டெல்டாவின் வழக்கம். உழவு இல்லை, சால் இல்லை, கருவி இல்லை. விதை மேற்பரப்பில் ஒட்டி முளைக்கிறது. நெல் அறுபடும்போது செடி வெளிச்சம் பெறுகிறது. எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் வளர்கிறது. உழவில்லா வேளாண்மை என்னும் பெயர் உலகில் புகழ்பெறுவதற்கு முன்பே அதன் சாரம் இங்கு நடைமுறையில் இருந்தது. ஆடுதுறை 3 போன்ற உளுந்து இரகங்கள் இம்முறைக்கு ஏற்றவையாக அமைந்தன.

இம்முறை கையறுப்பை நம்பியிருந்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் அதன் சக்கரத்தடங்களில் இளஞ்செடிகள் நசுங்கின. ஈரவயலுக்கு ஏற்ற பெல்ட் வகை இயந்திரம் எடையைப் பரப்பினாலும் தடத்தின் அகலத்தைக் குறைப்பதில்லை. அறுவடைக்குப் பின் விதைக்கலாம் எனின், விதைப்பானைத் தாங்கும் அளவுக்கு மண் காயும்போது விதைக்கு வேண்டிய ஈரமும் இறங்கிவிடுகிறது. ஒரு வேலையை இயந்திரமாக்கியது அடுத்த விதைப்பின் பதத்தைப் பறித்துக்கொண்டது. ஒரு கருவியைத் தனியே மதிப்பிடாமல், பயிர்ச்சுழற்சியில் அதற்கு முன்னும் பின்னும் வரும் கருவிகளோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பதை உளுந்தின் வரலாறு காட்டுகிறது.

9. தேர்வும் உழைப்பும்

மேற்கண்டவற்றிலிருந்து கனத்த ஈரக்களிக்கான விதைப்புக் கருவித் தேர்வை வரலாற்று அடிப்படையில் நான்கு வினாக்களாகத் தொகுக்கலாம். விதைக்கும் நாளில் மண் எந்நிலையில் இருக்கும்? கருவி சால் திறக்கிறதா, மேற்பரப்பில் இடுகிறதா? களையை அடக்கப்போவது நீரா, வரிசையா, மருந்தா? அக்கருவி குறித்த நாளில் யார் கைக்கு எட்டும்? முதல் இரண்டும் பொறியியல் வினாக்கள். மூன்றாவது பாசன வினா. நான்காவது சமூக வினா. பரிந்துரைகள் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன.

நான்காவது வினாவுக்கு மறுபக்கமும் உண்டு. நடவு பெரும்பாலும் பெண்களின் வேலை. நிலமற்ற ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டின் உறுதியான கூலி நாள்கள் அவை. நேரடி விதைப்பு அந்நாள்களை நீக்குகிறது. அதற்கு ஈடாகக் களையெடுப்பு நாள்களை முதலில் கூட்டி, பின்னர் களைக்கொல்லியால் அவற்றையும் குறைக்கிறது. நாற்பது வேலியின் சுமையிலிருந்து விடுதலை என்பது கூலியின் இழப்பாகவும் வந்து சேரும்போது, கருவியின் பயனை ஏக்கருக்கு மிச்சமான செலவைக் கொண்டு மட்டும் அளப்பது முழுமையாகாது. உழவருக்கு மிச்சமாகும் அச்செலவே நடவுப் பெண்ணின் வருமானமாக இருந்தது.

10. முடிவுரை

சிதம்பரம் பகுதியின் நன்செய் உழவர் விதைப்புக் கருவியை ஒருமுறை மறுத்துப் பின்னர் ஏற்றவர்கள் அல்லர். நீர் களையை அடக்கிய காலத்தில் அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. நீர் தவறிய காலத்தில் வேண்டியதாயிற்று. ஆனால் நீரின் அதே தவறுதல் அக்கருவிக்கு வேண்டிய பதத்தையும் குலைத்துவிட்டது. கைவிதைப்பு, உருளை விதைப்பான், டிராக்டர் விதைப்பான் ஆகியவை இன்று ஒரே ஊரில் அடுத்தடுத்த வயல்களில் காணப்படுவது பின்தங்கியமையின் அடையாளம் அன்று. ஒவ்வொன்றும் மண்ணின் ஒரு நிலைக்கும் உடைமையின் ஒரு நிலைக்கும் உரிய விடை. கீழணைக்கு நீர் வரும் நாள் முன்கூட்டியே உறுதியாகுமானால் இக்களிக்கு ஏற்ற கருவியை உழவரே தேர்ந்துகொள்வர். அந்நாள் உறுதியாகாதவரை, எக்கருவியும் சிறந்த கருவியாக முடியாது. கொர்ரு முதல் டிராக்டர் விதைப்பான் வரையிலான இவ்வரலாறு, விதைப்புக் கருவி பற்றிய ஆய்வு பாசன வரலாற்றிலிருந்தும் உழைப்பு வரலாற்றிலிருந்தும் தொடங்க வேண்டியதன் தேவையை வலியுறுத்துகிறது.